ஏகமனதாக நிறைவேறியது

(ஆடி மாதத்துச் சாரல். குற்றாலம் பேரருவியில் வெள்ளம் பாதுகாப்பு வளைவையும் தாண்டி விழுவதால், போலீஸார் குளிக்கத் தடை விதித்திருக்கிறார்கள். தடை நீங்கட்டும் என்று கடைத்தெருத் திண்ணையொன்றில் இருவர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர், தென்காசிப் பக்கத்துத் தொண்டுச் சங்கம் ஒன்றின் ஸ்தாபகர். ஆதி முதல் இன்றுவரை அதன் தலைவரும் அவரே. கழுத்தில் நாடாவில் தொங்கும் பெயரட்டையைக் கழற்ற மனமில்லாதவர். மற்றவர், கூட்டுறவுச் சங்கங்களில் கணக்கெழுதி ஓய்வு பெற்று, உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியை எதிர்பார்த்திருக்கும் முதியவர்.)

கணக்குப்பிள்ளை: வாரும் தலைவரே, உட்காரும். கழுத்திலே அட்டை தொங்குகிறதே, கலியாண மண்டபத்து வேலையா, தேர்தல் வேலையா?

தலைவர்: பயிற்சி அண்ணாச்சி! தொண்டு ஸ்தாபனங்களை நிர்வகிக்கிறவர்களுக்கென்றே பிரத்தியேகமாக, ஐந்தருவிச் சாலையில் ஒரு விடுதியில், மூன்று நாள் தலைமைப் பயிற்சி முகாம் நடக்கிறது. காலை பலகாரத்திலிருந்து இரவு பிரானூர் எல்லைப் பரோட்டா வரைக்கும் எல்லாச் செலவும் ஒரு கம்பெனியின் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து வருகிறது.

கணக்குப்பிள்ளை: கம்பெனிச் சட்டத்தின் 135ஆவது பிரிவு சொல்லுகிற நிதிதானே? முந்தின மூன்று வருஷத்துச் சராசரி லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைப் பெரிய கம்பெனிகள் பொதுக் காரியத்துக்குச் செலவிட வேண்டும் என்று 2014 முதல் அமலில் இருக்கிறதே, அந்த இரண்டு பங்கு குற்றாலத்துச் சாரலில் நனைய வந்திருக்கிறதாக்கும். நல்லது. அங்கே என்ன கற்றுக் கொடுத்தார்கள்?

தலைவர்: முதல் நாள் ஐஸ் பிரேக்கர். ஒருவரோடொருவர் சகஜமாகப் பழகும் பொருட்டு, ஆளுக்கொரு மிருகத்தின் பெயரைச் சூட்டிக்கொண்டு, அந்த மிருகத்தின் குணங்கள் தமது தலைமையில் எவ்வாறு பிரதிபலிக்கின்றன என்று விஸ்தரிக்க வேண்டும். நான் சிங்கம். பதினெட்டுப் பேரில் பதினோரு பேர் சிங்கமாகிவிட்டமையால் சற்றே நெருக்கடி ஏற்பட்டது. பிறகு பழைய செய்தித்தாளையும் ஒட்டுநாடாவையும் கொண்டு கோபுரம் கட்டும் போட்டி. இரண்டாம் நாள் விஷன், மிஷன், தியரி ஆஃப் சேஞ்ச், லாக் ஃப்ரேம். மூன்றாம் நாளாகிய இன்று ஸ்டேக்ஹோல்டர் மேப்பிங். அது மத்தியானத்துக்கு மேல்.

கணக்குப்பிள்ளை: கணக்கைப் பற்றி ஏதும் சொல்லவில்லையா?

தலைவர்: சொல்லாமலா? நேற்றுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஓர் ஆடிட்டர் ஒன்றரை மணி நேரம் பேசினார். ஆனால் வெளியே சாரல், உள்ளே வடை பாயசம். அன்னாரின் உபந்யாசம் முடிந்ததென்பதை மற்றவர்கள் கைதட்டியதைக் கொண்டே நான் அறிந்தேன்.

கணக்குப்பிள்ளை: ஒரு ஸ்தாபனத்தைத் தூக்கி நிறுத்துவதும் கவிழ்ப்பதும் எதுவோ, அதைச் சாப்பாட்டுக்குப் பிறகு வைப்பதென்பது இந்த முகாம்களில் சம்பிரதாயமாகிவிட்டது போலும். 1905ஆம் வருஷம் கோகலே புனாவில் இந்திய ஊழியர் சங்கத்தை ஸ்தாபித்தபோது, அதில் சேருகிறவர்களுக்கு விதித்த பயிற்சி ஐந்து வருஷம். அதற்குள் தேசத்தைச் சுற்றிப் பார்க்கவும் வேண்டும், படிக்கவும் வேண்டும், மூத்தவர்களின் மேற்பார்வையில் ஊழியம் செய்யவும் வேண்டும். தென்னாப்பிரிக்காவில் இருபது வருஷம் பொது வாழ்வில் ஊறித் திரும்பிய காந்தியையே, ஒரு வருஷம் காதைத் திறந்து வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு ஊரைப் பார்த்துவிட்டு வாரும் என்று அவர் சொல்லியனுப்பினார். உமது முகாமில் வாயை மூடிக்கொள்வதற்கு ஏதாவது அப்பியாசம் உண்டா?

தலைவர்: அதற்கு நேரமேது அண்ணாச்சி? நேரத்துக்குள் அத்தனை பேரும் பேசியாக வேண்டுமே. அன்றியும், கோகலே காலத்தையும் நம் காலத்தையும் ஒரே தராசில் வைக்கலாமா? வருமான வரிச் சலுகைக்கு ஒரு பதிவு, நன்கொடையாளரின் வரிச் சலுகைக்கு இன்னொன்று. இரண்டையும் கெடு தவறாமல் புதுப்பிக்க வேண்டும். வருமானத்தில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கை வேலைக்கே செலவழித்ததாகக் காட்ட வேண்டும். அயல்நாட்டுப் பணம் என்றால் புது தில்லியில் ஸ்டேட் பாங்கின் குறிப்பிட்ட ஒரு கிளையில் மட்டுமே வந்திறங்கும். 2020இல் சட்டத்தைத் திருத்திய பிறகு, அதில் நிர்வாகச் செலவுக்கான வரம்பு ஐம்பதிலிருந்து இருபது சதமானமாகக் குறைந்துவிட்டது. வேறொரு சிறு சங்கத்துக்கு அதிலிருந்து ஒரு காசைக் கைமாற்றிக் கொடுக்கவும் வழியில்லை. காந்தி இதையெல்லாம் பார்த்தாரா?

கணக்குப்பிள்ளை: பார்க்கவில்லைதான். அந்த மட்டில் உம்முடைய பக்கம் நியாயம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

தலைவர்: இன்னும் கேளுங்கள். என் ஊழியர்களுக்கு மூன்று மாதச் சம்பளம் பாக்கி. அதைத் தாருங்கள் என்று கேட்டால், சம்பளம் நிர்வாகச் செலவு, அதற்கு எங்கள் திட்டத்தில் இடமில்லை என்கிறார்கள். தலைமைப் பயிற்சிக்குப் போகிறேன் என்று கேட்டால் மறு தபாலில் பணம் வருகிறது. பட்டினி கிடக்கிற ஊழியரை எவ்வாறு உற்சாகப்படுத்துவது என்று எனக்குக் கற்பிக்கப் பணமிருக்கிறது; அவருக்குச் சாப்பாடு போடப் பணமில்லை. இந்த நிலையில் நான் சிங்கமாகாமல் வேறென்ன ஆவது?

கணக்குப்பிள்ளை: நன்றாகச் சொன்னீர். தானம் கொடுக்கிறவர்களுக்கும் ஒரு முகாம் நடத்தி, அவர்களையும் காகிதக் கோபுரம் கட்டச் சொன்னால் தகும். காரியம் நடக்க வேண்டும், அதைச் செய்கிற கைக்குக் கூலி மட்டும் கூடாது என்று கருதுகிற பரோபகாரம் விசித்திரமானதுதான். ஆனாலும் ஒன்று கேட்கிறேன்: அந்த மூன்று மாத பாக்கி எவ்வளவு என்று ரூபாயில் சொல்லும் பார்ப்போம்.

தலைவர்: அது... கணக்கெழுதுகிற பெண்ணிடம் இருக்கிறது.

கணக்குப்பிள்ளை: குழந்தைகளின் சத்துணவுக்கென்று குறித்து வந்த பணத்தில் ஜீப்புக்கு டீசல் போட்டது எவ்வளவு என்பதும் அந்தப் பெண்ணிடம்தான் இருக்குமோ?

தலைவர்: அது தாற்காலிகக் கைமாற்று அண்ணாச்சி. எல்லாச் சங்கத்திலும் உள்ளதுதான்.

கணக்குப்பிள்ளை: எல்லாச் சங்கத்திலும் உள்ளதைச் செய்வதற்கு எதற்குத் தலைவர்? 1894இல் நேட்டாலில் இந்தியர் காங்கிரஸைத் தொடங்கியபோது காந்திக்கு இருபத்துநான்கு வயது. மாதச் சந்தா குறைந்தது ஐந்து ஷில்லிங். வாங்கிய ஒவ்வொரு தொகைக்கும் ரசீது. கணக்குச் சுத்தமாக இல்லாவிட்டால் சத்தியத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ள முடியாது என்பது அவருடைய கட்சி. பொது ஸ்தாபனம் நிரந்தர நிதியை முடக்கி வைத்துக்கொண்டு வாழக்கூடாது, ஜனங்கள் அன்றன்று தருகிற சந்தாவில் வாழ வேண்டும், ஜனங்களுக்குப் பிடிக்காமற் போனால் சாக வேண்டும் என்று கூட எழுதினார். வட்டி வருகிற ஸ்தாபனத்துத் தலைவர் யாருக்கும் செவிசாய்க்க மாட்டார் என்பதை நன்கு அறிந்தவர்.

தலைவர்: அப்படியானால் பயிற்சியே வேண்டாம் என்கிறீர்களா?

கணக்குப்பிள்ளை: யார் சொன்னது? மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 1976இல் பதினொரு படுக்கையோடு ஆரம்பித்த அரவிந்த் கண் ஆஸ்பத்திரியார், 1992இல் லயன்ஸ் சங்கத்தாரின் உதவியோடு லைக்கோ என்று ஒரு கல்வி நிலையம் நிறுவினார்களே, அது பயிற்சி. தொண்டு ஆஸ்பத்திரி நடத்துகிறவர்கள் அங்கே போகும்போது தலைவர் தனியாகப் போவதில்லை. டாக்டர், நிர்வாகி, நர்ஸ் எல்லோரும் கூட்டாகப் போய், எத்தனை பேருக்குப் பார்த்தோம், எத்தனை ஆபரேஷன் செய்தோம், என்ன செலவாயிற்று என்று தங்கள் சொந்த எண்களை மேஜையில் வைத்துக்கொண்டு உட்காருகிறார்கள். எண் எதிரே இருக்கும்போது ஒருவரும் சிங்கமாக முடியாது. அண்டையில் நர்ஸ் இருக்கும்போது தலைவர் கதைவிடவும் முடியாது. அதே மதுரையில் டாட்டா-தான் அகாடமி என்ற பெயரில் 2000இல் தொடங்கிய கல்வி நிலையத்தில், கிராம அபிவிருத்தி வேலைக்கு வருகிற இளைஞர்களைக் கிராமத்தில் தங்கவைத்தே படிப்பிக்கிறார்கள். பயிற்சிக்கு நான் விரோதியல்லன். பயிற்சியின் பெயரால் பதினோரு சிங்கங்களை ஒரே கூடத்தில் அடைத்து, பசியாற்றி, சான்றிதழ் கொடுத்து அவிழ்த்துவிடுவதற்குத்தான் விரோதி.

தலைவர்: மதுரை வரைக்கும் போவானேன்? தொண்டின் மகிமையைத் தென்காசிச் சீமைக்கு உணர்த்தியவர்களில் என் பெயரும் உண்டே.

கணக்குப்பிள்ளை: உம்முடைய பெயர் உண்டென்பதில் எனக்கு ஐயமே கிடையாது. சங்கத்துக்கு உம்முடைய பெயர். கட்டடத்துக்கு உம்முடைய அன்னையார் பெயர். தினசரிக் காலண்டரில் உம்முடைய படம், அதுவும் லட்சுமி சரஸ்வதிக்கு நடுவில். இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் ஆய்க்குடி இருக்கிறது. கடற்படை அதிகாரித் தேர்வுக்குப் போன இடத்தில் 1975இல் விபத்துக்குள்ளாகி, கழுத்துக்குக் கீழே அசைவற்றுப்போன ராமகிருஷ்ணன் என்ற இளைஞர், 1981இல் அங்கே ஒரு கொட்டகையில் ஐந்து குழந்தைகளோடு மாற்றுத் திறனாளிகளுக்காக ஒரு சங்கம் தொடங்கினார். அதற்கு என்ன பெயர் வைத்தார்?

தலைவர்: அமர் சேவா சங்கம். யாருக்குத் தெரியாது?

கணக்குப்பிள்ளை: அமர் யார்?

தலைவர்: அமரத்துவம் என்ற பொருளில்...

கணக்குப்பிள்ளை: தமக்கு வைத்தியம் செய்த விமானப்படை டாக்டர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயர் ஐயா அது. படுக்கையில் கிடந்தவர் தம் பெயரை ஒதுக்கிவிட்டு, வைத்தியரின் பெயரை வைத்தார். பிற்பாடு தம்மோடு பொறுப்பைப் பங்கிட்டுக்கொள்ள வந்து சேர்ந்தவர் யார்? தசைநோயினால் தாமும் சக்கர நாற்காலியில் இருக்கிற சங்கரராமன். அவர் ஆடிட்டர் படிப்புப் படித்தவர். அங்கே ஆடிட்டர் செயலாளராகவே இருந்தார். உங்கள் முகாமிலோ ஆடிட்டர் சாப்பாட்டுக்குப் பிறகு வந்துவிட்டுப் போனார். 2020இல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவர் எந்த மிருகம் என்று யாரும் கேட்டதாகத் தகவல் இல்லை.

தலைவர்: பெரியவர்கள் கதையைச் சொல்லி எளியவர்களை அடிக்கலாகாது அண்ணாச்சி. எங்கள் முகாமிலும் எனக்குப் பின் யார் என்ற பொருள் பற்றி ஓர் அமர்வு உண்டு. சக்ஸஷன் பிளானிங் என்பார்கள். நான் மிகுந்த சிரத்தையோடு குறிப்பெடுத்தேன்.

கணக்குப்பிள்ளை: குறிப்பின் சாரம்?

தலைவர்: தகுந்த வாரிசு கிடைக்கும்வரை ஸ்தாபகர் பொறுத்துக்கொண்டு தொடர வேண்டும் என்பது. நானும் பொறுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

கணக்குப்பிள்ளை: தென்காசிக் கோபுர வாசலில் காற்று வாங்கப் போகிறீரே, அந்தக் கோயிலைக் கட்டின பராக்கிரம பாண்டியன் கல்லில் வெட்டி வைத்திருக்கும் செய்தியை என்றாவது வாசித்ததுண்டா? பதினைந்தாம் நூற்றாண்டில் பொன்னும் பொருளும் கொட்டி அவ்வளவு பெரிய ஆலயத்தை எழுப்பிய அரசன், நான் கட்டினேன் என்று மார்தட்டுவதோடு நிறுத்தியிருந்தால் உலகம் ஏற்றுக்கொண்டிருக்கும். அவனோ, பிற்காலத்தில் இக்கோயிலுக்கு ஒரு பழுது வருமானால் அதைச் சீர்செய்து காப்பாற்றப் போகிறவர் யாராயினும், அவரை இப்போதே உலகறியப் பணிகிறேன் என்று எழுதி வைத்தான். பின்னர் கோபுரம் சிதைந்து நெடுங்காலம் மொட்டையாகவே நின்றது. ஒன்பது நிலைக் கோபுரம் மறுபடி எழுந்து 1990இல் கும்பாபிஷேகம் நடந்தது. முகமறியாத வாரிசுக்கு அரசன் செய்த நமஸ்காரம் அத்தனை நூற்றாண்டு காத்திருந்து உரியவரைச் சேர்ந்தது. வாரிசை வணங்கத் தெரிந்தவனுக்கு ஸ்தாபகன் என்ற பட்டம் பொருந்தும். உமக்கோ, உம்முடைய செயலாளர் ஒரு யோசனை சொன்னாலே அது ராஜத்துரோகமாகப் படுகிறது.

தலைவர்: ராஜா, ராணி எல்லாம் இங்கில்லை. எங்கள் சங்கம் 1975ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி நடப்பது. செயற்குழுவின் பதவிக்காலம் மூன்று வருஷத்துக்கு மேற்படலாகாதென்பது சட்டம். மூன்று வருஷம் முடிந்ததும் நான் இறங்கிவிடுகிறேன்.

கணக்குப்பிள்ளை: எவ்வளவு நேரத்துக்கு?

தலைவர்: அந்தத் தீர்மானத்தை எழுதி முடிக்கிற நேரத்துக்கு. அடுத்த தீர்மானத்தில் பொதுக்குழு என்னை மறுபடியும் தேர்ந்தெடுத்துவிடுகிறது. ஜனநாயகத்துக்குத் தலைவணங்குவதைத் தவிர வேறு வழி?

கணக்குப்பிள்ளை: பொதுக்குழு எங்கே கூடுகிறது?

தலைவர்: மினிட் புத்தகத்தில்.

கணக்குப்பிள்ளை: எவ்வளவு பேர் வருகிறார்கள்?

தலைவர்: வேண்டிய அளவுக்கு வருகிறார்கள். பதிவு செய்த நாளில் சட்டப்படி ஏழு பேர் கையெழுத்து வேண்டியிருந்தது. அவசரத்தில் தென்காசிப் பேருந்து நிலையத்து டீக்கடையில் இருந்தவர்களையெல்லாம் பிடித்து வாங்கினேன். மகானுபாவர்கள்! யார் யார் என்று இப்போது ஞாபகமில்லை. ஆனால் வருஷந்தவறாமல் அத்தனை பேரும் ஆஜராகி, வரவு செலவை ஆமோதித்து, என்னை ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை: அந்த ஏழில் நாலாவது கையெழுத்து என்னுடையது.

தலைவர்: அண்ணாச்சி!

கணக்குப்பிள்ளை: பென்ஷன் காரியமாகத் தென்காசிக்குப் போனவன், பதிவாளர் அலுவலகத்தில் பணம் கட்டி நகல் வாங்கிப் பார்த்தேன். என் மூத்த மகள் கலியாணத்தன்று நான் பந்தியில் நின்றுகொண்டே உம்முடைய பொதுக்குழுவிலும் வீற்றிருந்திருக்கிறேன். கண் ஆபரேஷனுக்காக மதுரையில் கட்டுப் போட்டுக் கிடந்த நாளில் உம்முடைய தணிக்கை அறிக்கையைப் படித்துப் பார்த்துத் திருப்தி தெரிவித்திருக்கிறேன். போன வருஷம் உம்முடைய தன்னலமற்ற தலைமையைப் பாராட்டி நன்றித் தீர்மானம் முன்மொழிந்ததும் நானேதான். ஒரு தடவையாவது நோட்டீஸ் வந்திருந்தால், காப்பியாவது குடித்துவிட்டு வந்திருப்பேன்.

தலைவர்: மனத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். வேலைப் பளுவில்... சரி, ஒன்று செய்தால் என்ன? தாங்கள் ஸ்தாபக அங்கத்தினர், நான் தலைவன். சங்கத்தின் கணக்கு, நிர்வாகம், வாரிசு எல்லா விஷயத்தையும் பற்றி இந்தத் திண்ணையில் இவ்வளவு நேரம் விவாதித்தாகிவிட்டது. இதையே இந்த வருஷத்துப் பொதுக்குழுவாக எழுதிக்கொள்ளலாமே? தலைமையின் மீது நம்பிக்கைத் தீர்மானம் ஒன்றையும் சேர்த்துக்கொண்டால் காரியம் பூரணமாகிவிடும்.

கணக்குப்பிள்ளை: தாராளமாக எழுதும். ஆதரவு ஒன்று, எதிர்ப்பு ஒன்று என்று மட்டும் மறவாமல் போடும்.