அவசரக்காரனுக்குத் தீயும் மட்டு

டொரொன்டோவில் மச்சான் வீட்டுப் பின்வளவு. ஆசையாய் வாங்கிய எரிவாயுத் தீக்குழியில் எரிந்ததோ கார்த்திகை விளக்களவு. சுற்றிலும் பத்துப் பேர். கையில் தேநீர், வாயில் யோசனை. "சிலிண்டர் முடிஞ்சுது மச்சான்" என்றார் ஒருவர். இன்னொருவர் அரசாங்கத்தைத் திட்டினார்.

குற்றவாளி மச்சானின் கைதான். சிலிண்டர் வால்வை வெடுக்கென்று திருகினால், எங்கோ குழாய் கழன்றுவிட்டதென்று பயந்து, இணைப்பிலுள்ள பாதுகாப்பு அமைப்பு வாயுவை ஒடுக்கிவிடும். தீக்குழியின் குமிழையும் சிலிண்டரையும் மூடி, சற்றுப் பொறுத்து, சிலிண்டரை முதலில் மெல்லத் திறக்க வேண்டும். அப்படியும் எழவில்லையா? பர்னர் குழாயில் சிலந்தி குடியேறியிருக்கலாம்.

இவ்வளவும் கையேட்டில் இருக்கிறது. கையேடு பெட்டிக்குள், உறை பிரிக்காமல் இருக்கிறது.