டெபாசிட் இழந்த சுபேதார்

பட்டாளத்தில் நான் யாரையும் சுட்டதில்லை. என்னையும் யாரும் சுட்டதில்லை. சிக்னல்ஸ் பிரிவில் சேர்ந்து, ஜபல்பூரில் பயிற்சி முடித்து, கம்பி இழுப்பதும் ரேடியோ செட்டைப் பழுது பார்ப்பதுமாகவே காலத்தை ஓட்டிச் சுபேதாராக வெளியே வந்தவன். 2024 மக்களவைத் தேர்தலில் சுயேச்சையாக நின்றபோது இந்த உண்மையை ஒரு தெருமுனையிலும் நான் சொல்லவில்லை. "கார்கில்ல இருந்தீங்களா மாமா?" என்று பையன்கள் கேட்டால், தூரத்தில் ஏதோ மலை தெரிவது போல முகத்தை வைத்துக்கொள்வேன். 1999 கோடையில் நான் ராஜஸ்தானில் ஒரு ஜெனரேட்டர் கொட்டகையில் இருந்தேன். அங்கே எனக்கு இருந்த ஒரே எதிரி மணல்.

மைத்துனன் மகன் நோட்டீஸில் 'கார்கில் நாயகன்' என்று அச்சடித்துக் கொண்டுவந்தான். "இதை எடுத்துடுப்பா" என்றேன். சொன்னேனே தவிர, பரேடில் சொல்கிற குரலில் சொல்லவில்லை. பாதி நோட்டீஸ் விநியோகமான பிறகுதான் மனசாட்சி உறுத்தியது. மீதிக் கட்டு இன்னும் பரணில் இருக்கிறது.

எங்கள் வட ஆற்காட்டுப் பக்கத்தில் கம்மவான்பேட்டையைப் போல வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்கு ஆள் அனுப்பும் ஊர்கள் உண்டு. என் ஊர் அந்த அளவுக்கு இல்லை. ஆனாலும் ராணுவ கேன்டீனுக்குப் போனால் வரிசை வாசலைத் தாண்டி நிற்கும். அந்த வரிசையில் நின்றபடிதான் கணக்குப் போட்டேன்: இத்தனை முன்னாள் படைவீரர், ஆளுக்கு ஒரு குடும்பம், குடும்பத்துக்கு நாலு ஓட்டு. பக்கத்தில் நின்றவர்களும் "நில்லுங்க சாப், நாங்க இருக்கோம்" என்றார்கள். தொகுதிக்குள் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் அடக்கம் என்பதை நான் யோசிக்கவே இல்லை.

முன்னுதாரணம் தேடினேன். ஜெனரல் வி.கே.சிங் 2014இல் காஜியாபாத்தில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். மேஜர் ஜெனரல் கந்தூரி கர்வாலில் ஜெயித்து வாஜ்பாய் அரசில் மந்திரியானார். கேப்டன் அமரீந்தர் சிங் அமிர்தசரஸில் அருண் ஜேட்லியையே தோற்கடித்தார். மூன்று பேருக்குமே பின்னால் பெரிய கட்சி இருந்தது என்பது என் கண்ணில் படவில்லை. 1949இல் இந்திய ராணுவத்தின் முதல் இந்தியத் தலைமைத் தளபதியான கரியப்பாவே 1971இல் பம்பாயில் சுயேச்சையாக நின்று தோற்றார். இதையும் படித்தேன். படித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன்.

சுயேச்சைக்குத் தொகுதி வாக்காளர்கள் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு ஒருவர் போதும். 1996இல் மொடக்குறிச்சி சட்டமன்றத் தொகுதியில் 1,033 பேர் போட்டியிட்டு வாக்குச்சீட்டைப் புத்தகமாக்கிய பிறகு விதிகளை இறுக்கிவிட்டார்கள். என் பத்துப் பேரில் முதல் கையெழுத்து பெரிய மச்சானுடையது. அவர் வீடு அடுத்த நாடாளுமன்றத் தொகுதியில் வருகிறது என்பது தாக்கலுக்கு முந்தின நாள்தான் தெரிந்தது. அவருக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

இருபத்தாறாம் எண் படிவம் அதைவிட மோசம். சொத்து, கடன், வழக்கு எல்லாவற்றையும் பிரமாணமாக எழுத வேண்டும். எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நான் பட்டாளப் பழக்கத்தில் கட்டத்துக்குக் கட்டம் கோடு கிழித்து வைத்திருந்தேன். நோட்டரி வக்கீல் பார்த்துவிட்டு, "இல்லைன்னு எழுத்துல எழுதுங்க ஐயா" என்று புதுத் தாள் நீட்டினார். மனைவியின் நகைக் கட்டத்தில்தான் பேனா நின்றது. கல்யாணம் ஆனதிலிருந்து கேட்காத கேள்வியை அன்று கேட்டேன்.

"மொத்தம் எத்தனை சவரன் இருக்கும்?"

"எதுக்குங்க, அடகு வைக்கவா?"

அவள் சொன்ன எண்ணிக்கை நான் நினைத்ததைவிடக் கணிசமாக அதிகம். நான் அனுப்பிய பணம் எப்போது, எப்படி நகையானது என்று விசாரிக்கும் தைரியம் எனக்கு இல்லை. அந்தப் பிரமாணப் பத்திரம் இப்போது தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் இருக்கிறது. என் தங்கைகள் படித்துவிட்டார்கள்.

சின்னத்துக்கு மூன்று விருப்பம் எழுதச் சொல்வார்கள். முதலில் இரட்டைக்குழல் தொலைநோக்கி, இரண்டாவது ஹெல்மெட். மூன்றாவதற்கு எதுவும் தோன்றாமல் பட்டியலில் கண்ணில் பட்டதை எழுதினேன். பதிவு பெற்ற சிறு கட்சிகளுக்கு முன்னுரிமை கொடுத்த பிறகுதான் சுயேச்சையின் முறை வரும். தொலைநோக்கியும் போனது, ஹெல்மெட்டும் போனது. எனக்குக் கைத்தடி கிடைத்தது. மார்பில் மெடல் தொங்க, சித்திரை வெயிலில் கோட்டு மாட்டிக்கொண்டு, "கைத்தடிக்கு ஓட்டுப் போடுங்கள்" என்று அறுபதைத் தாண்டியவன் கேட்டால் ஜனங்கள் வேறெதையும் கேட்பதில்லை, உட்காரச் சொல்லி மோர் கொடுக்கிறார்கள். ஒரு கிராமத்தில் கறுப்புச் சட்டைப் பெரியவர் ஒருவர் சின்னத்தைப் பார்த்து நான் பெரியாரின் ஆள் என்று நம்பிக் கட்டிப்பிடித்தார். நெற்றியில் விபூதியோடு நின்றிருந்த நான், அவருடைய ஒரு ஓட்டுக்காக அதையும் மறுக்கவில்லை.

பேச்சு இன்னொரு கூத்து. மாலை ஆறு மணிக்குக் கூட்டம் என்றால் ஆறுக்கே ஆரம்பித்துவிடுவேன். மைக்செட்காரரும் ஒரு ஆடும் கேட்பார்கள். ஆறரைக்கு ஜனம் சேரும்போது நான் 'ஜெய் ஹிந்த்' சொல்லி இறங்கியிருப்பேன். சிக்னல்ஸ்காரனுக்குத் தகவல் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதுதான் தொழில். அதைத்தான் மறந்தேன்.

இதில் இந்தி வேறு. பட்டாளத்தில் வருஷக்கணக்காகப் புழங்கிய பாஷை, கோபம் வந்தால் தானாக வாயில் வந்துவிடும். ஒரு தெருவில் வண்டியை மறித்து நின்ற பையன்களைப் பார்த்து "சலோ, சலோ, ஜல்தி!" என்று கத்திவிட்டேன். மைக் அணைக்கப்படவில்லை. திண்ணையில் இருந்த ஒரு பழைய தி.மு.க.காரர் துண்டை உதறி எழுந்தார். "அறுபத்தஞ்சுலயே நாங்க வெரட்டினோம்பா. நீ ஆட்டோ வெச்சுத் திரும்பக் கூட்டிட்டு வர்றியே!" தெருவே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் அந்தத் தெருவில் எனக்கு ஒரு ஓட்டும் விழவில்லை என்று பிற்பாடு பூத் கணக்கில் பார்த்தேன்.

எல்லா ஊரிலும் என்னிடம் தனியாகக் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான்: "கேன்டீன் சரக்கு வெச்சிருக்கீங்களா?" என் மாதக் கோட்டா பீரோவுக்குள் இருந்தது. அதை யாருக்காவது ஊற்றியிருந்தால் வாக்காளருக்கு லஞ்சம். ஊற்றாததால் கஞ்சன். பறக்கும் படை சோதனைக்கு வந்துவிடுமோ என்று பயந்து புட்டிகளைக் கோதுமை மூட்டைக்குள் ஒளித்தேன். பழைய எல்லைப் பணிகளில்கூட எனக்கு அப்படித் தூக்கம் கெட்டதில்லை.

ஆனால் என்னை உண்மையில் மடக்கியவர் நூறு நாள் வேலையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஒரு அம்மா. 'ஒரே பதவி ஒரே ஓய்வூதியம்' பற்றி நான் விளக்கிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது உனக்கு வர்ற பணம் தம்பி. எங்க கூலி பேங்குல ஏறலியே, அதுக்கு இன்னா பண்ணுவே?" என்றார். அந்தத் திட்டத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, எங்கே தேங்குகிறது, ஒரு எம்.பி. யாரிடம் கேட்க வேண்டும் என்று எதுவும் எனக்குத் தெரியாது. கூலி மத்திய அரசின் பணம் என்பதே அன்று இரவு பேரன் சொல்லித்தான் தெரிந்தது. நாடாளுமன்றத்துக்குப் போக விரும்பியவன் நான்.

இதையும் சொல்லிவிடுகிறேன். சர்வீஸில் இருந்தவரை நான் ஒரு தேர்தலிலும் ஓட்டுப் போட்டதில்லை. தபால் வாக்குச்சீட்டு ஊரிலிருந்து யூனிட்டுக்கு வந்து திரும்பிப் போவதற்குள் பெரும்பாலும் எண்ணிக்கை முடிந்துவிடும் என்று சாக்குச் சொல்வோம். எனக்கு ஒரு தடவை நேரத்துக்கே வந்தது. அதன் பின்பக்கம் சீட்டாட்டக் கணக்கு எழுதினேன். இப்போது சீட்டை மின்னணு முறையில் அனுப்புகிறார்கள், திரும்பி வருவது மட்டும் தபாலில். எண்ணிக்கை நாளில் தபால் வாக்குகளைத்தான் முதலில் எடுப்பார்கள் என்பதால், ஜூன் 4 காலை எட்டு மணிக்கு மார்பை நிமிர்த்திக்கொண்டு அந்த மேஜைக்கு அருகே நின்றேன். நம் ஜவான்களும் ஊரில் எல்லோரும் போடுகிற கட்சிகளுக்கே போட்டிருந்தார்கள்.

டெபாசிட் 25,000 ரூபாய் திரும்ப வர, பதிவான செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்க வேண்டும். நான் நோட்டாவுக்குக் கீழே முடித்தேன். இயந்திரத்தில் ஒரு பெட்டிக்குப் பதினாறு பொத்தான்தான். கட்சிகளுக்குப் பின்னால் அகர வரிசையில் என் பெயர் இரண்டாவது பெட்டிக்குப் போயிருந்தது. சில மாதம் அதையே காரணமாகச் சொல்லித் திரிந்தேன். கரூரில் 54 பேர் நின்றார்கள், அங்கே நான்காவது பெட்டி வரை பெயர் போயிற்று. நான் பெட்டியால் தோற்கவில்லை.

ஒரே ஒரு விஷயத்தில் தேறினேன். செலவு உச்சவரம்பு 95 லட்சம். என் செலவு பெரும்பாலும் ஆட்டோ, மைக்செட், டீ. வெள்ளை, இளஞ்சிவப்பு, மஞ்சள் தாள்கள் கொண்ட கணக்குப் பதிவேட்டை ஒரு அடித்தல் இல்லாமல் எழுதி, முடிவு வந்த முப்பது நாளுக்குள் ஒப்படைத்தேன். ஒப்படைக்காவிட்டால் மூன்று வருஷம் தேர்தலில் நிற்கத் தடை விதிக்க முடியும். எனக்கு அந்தத் தடை வந்தால் தேவலை என்றுதான் என் மனைவி சொன்னாள்.

கேன்டீன் வரிசையில் நிற்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. நிற்க ஆசை இருந்தால் முதலில் உங்கள் ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு நில்லுங்கள். டெபாசிட் 200 ரூபாய்தான். கோட்டு தேவையில்லை.