சிரிப்புக்கு வரைபடம் உண்டா?

குழந்தை மகிழ்ச்சியாக விளையாடுகிறதா என்று அதன் முகத்தைப் பார்த்தே அறியலாம் என்பது பழங்கால மூடநம்பிக்கை. ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவுசெய்தது வேறு எதற்காக? கணக்கு விளையாட்டில் ஏழாம் வாய்ப்பாடு வரும்போது தலையில் மின்முனைகளும் விரலில் வியர்வையுணரியும் மார்பில் துடிப்புப் பட்டையும் இருந்தால்தான் மகிழ்ச்சி அதிகாரபூர்வமாகும். பயந்தாலும் வியர்க்கும், குதூகலித்தாலும் வியர்க்குமே என்கிறார்கள் சிலர். அதுதானே வசதி! எது வந்தாலும் ‘ஈடுபாடு’ என்று எழுதிக்கொள்ளலாம். கண் சிமிட்டினாலே மூளையலைப் பதிவு கலங்கும்; ஆகவே குழந்தை இமைக்காமல், அசையாமல் துள்ளி விளையாடட்டும். குழந்தையையே கேட்டால் என்ன? கேட்கலாம், பதிலில் வரைபடம் இருக்காதே. ஒரே ஒரு குறைதான். கருவிகளைக் கழற்றியதும் குழந்தையின் மகிழ்ச்சி உச்சத்துக்குப் போய்விடுகிறது. அந்த நேரம் பார்த்து உடம்பில் ஒரு கருவியும் இருப்பதில்லை.