தொடாத நிரல், உடைந்த பில்டு

கேள்வி: நிரலில் ஒரு வரிகூட மாற்றவில்லை. நேற்று ஓடிய பில்டு இன்று, தேவையான நூலகமே கிடைக்கவில்லை என்கிறது. என் கணினியிலோ அதே நிரல் ஓடுகிறது! குற்றவாளி யார்?

பதில்: நிரலை விட்டுவிடுங்கள், முகவரியைப் பிடியுங்கள். முன்பும் இப்படி நடந்திருக்கிறது: 2020 ஜனவரி 15 முதல், ஜாவா நூலகக் களஞ்சியமான மேவன் சென்ட்ரல், குறியாக்கமில்லாத பழைய எச்டிடிபி முகவரியில் கேட்டவர்களுக்கு 501 என்ற பிழையை மட்டுமே தந்தது. 2022 ஜனவரி இறுதியில், ஆதரவு முடிந்துபோன சென்ட்ஓஎஸ் 8 லினக்ஸின் தொகுப்புகள் வழக்கமான சர்வர்களிலிருந்து 'வால்ட்' காப்பகத்துக்குப் போயின. இரண்டு முறையும் தொடாத நிரல்கள்தான் உடைந்தன. உங்கள் கணினியில் ஓடுவதற்குக் காரணம், முன்பு இறக்கிய பிரதி கேஷில் கிடப்பது. ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்கும் பில்டு சர்வருக்கு அந்த வசதி இல்லை. ஆகவே பில்டு பதிவின் (லாக்) கடைசி வரியைப் பார்க்காமல், முதலில் தோற்ற முகவரியை எடுத்து, பில்டு சர்வரிலிருந்தே கர்ல் கட்டளை போட்டுப் பாருங்கள். பெயரே கிடைக்காவிட்டால் டிஎன்எஸ்ஸையும், 404 வந்தால் இடமாற்றத்தையும், 501 வந்தால் நெறிமுறையையும் சந்தேகிக்கலாம்.

"பழைய முகவரியிலிருந்து தானாகத் திருப்பிவிட்டிருக்கலாமே?" என்பீர்கள். குறியாக்கமில்லாத வழியில் வரும் திருப்புதலை நடுவில் இருப்பவர் மாற்றிவிட முடியும். பில்டு உடைவதே மேல். சென்ட்ஓஎஸ் விஷயத்தில் சத்தமில்லாமல் திருப்பியிருந்தால், பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோனது பலருக்குத் தெரிந்தேயிருக்காது. வால்ட் முகவரியை எழுதினால் பில்டு இன்றே ஓடும். ஆனால் திருத்தம் வராத தொகுப்புகளோடு ஓடும். எச்டிடிபிஎஸ் சான்றிதழ் சோதனையை அணைப்பதோ அதைவிட மோசம். புதிய முகவரியை அமைப்புக் கோப்பில் எழுதி, சொந்த மிரரில் ஒரு பிரதி வைத்துக்கொண்டு, ஆதரவுள்ள பதிப்புக்கு மாறும் வேலையை இந்த வாரமே தொடங்குங்கள்.