அப்பா கொடுத்த சாவி

மில் சங்கு ஊதித்தான் பொழுது விடிந்தது என்று எங்கள் சிங்காநல்லூர் நம்பியிருந்த காலத்தில், எட்டு மணி ஷிப்டுக்குப் புறப்படும் முன் அப்பா திண்ணையில் உட்கார்ந்து, ஏழேகாலுக்கு டெல்லியிலிருந்து செய்தி வாசிக்கும் சரோஜ் நாராயணசாமியின் குரல் ரேடியோவில் எழும்போது, எச்.எம்.டி. வாட்சின் முள்ளைச் சரிபார்த்து நிதானமாகச் சாவி கொடுப்பார்.

1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து பெங்களூரில் எச்.எம்.டி. செய்யத் தொடங்கிய வாட்சுகள், மாதச் சம்பளக்காரரின் கல்யாணச் சீராகவும் முதல் சம்பாத்தியமாகவும் எத்தனை வீடுகளுக்குள் வந்தன! "மணி என்னப்பா?" என்று கேட்டால் அப்பா வாயால் சொல்லமாட்டார், மணிக்கட்டை என் பக்கம் திருப்பிக் காட்டுவார். நான் மணி பார்க்கக் கற்றது அந்த மணிக்கட்டில்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் சாவி கொடுக்கும் உரிமை எனக்கு. ஆசையில் திருகிக்கொண்டே இருப்பேன். "போதும் கண்ணு, இறுகுதுன்னா விட்ரோணும்" என்பார். பரீட்சையில் மார்க் குறைந்து நான் தலைகுனிந்து நின்ற அன்றும் அவர் அதற்குமேல் திருகவில்லை, "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

ஓசூர் டைட்டன் வாட்சுகள் 1987இல் கடைக்கு வந்து, பேட்டரியில் ஓடும் வாட்சே நாகரிகம் என்று ஊரெல்லாம் மாறிய பிறகு, என் முதல் சம்பளத்தில் அவருக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். தொட்டுத் தொட்டுப் பார்த்தார், அக்கம்பக்கத்தில் காட்டினார், பிறகு பெட்டியோடு பீரோவில் வைத்துவிட்டார். "சாவி குடுக்காட்டி காலையில கை சும்மா இருக்குது கண்ணு." அன்று எனக்கு அது பழைய காலத்துப் பிடிவாதமாகப் பட்டது. ஒரு வீடு நிற்காமல் ஓட யாரோ ஒருவர் தினமும் கை வைக்க வேண்டும் என்பது, நானும் ஒரு பிள்ளைக்கு அப்பாவான பிறகுதான் புரிந்தது.

அவர் காலமான அன்று காலையிலும் சாவி கொடுத்திருக்கிறார். மறுநாள் எல்லாம் முடிந்து வீடு திரும்பியபோதும் அந்த வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது, சாயங்காலம்தான் நின்றது.

இப்போது அந்த மில் இருந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள். எச்.எம்.டி.யின் வாட்ச் நிறுவனத்துக்கும் 2016இல் மூடுவிழா ஆகிவிட்டது. என் போனில் மணி ஒரு நொடி பிசகாமல் தானாகவே ஓடுகிறது. நல்ல வசதிதான், ஆனால் என் வீட்டில் யாரும் யாரிடமும் மணி கேட்பதில்லை. அதனால் காலை ஏழேகாலுக்கு அப்பாவின் வாட்சுக்கு நான் சாவி கொடுக்கிறேன். இறுகும்போது விட்டுவிடுகிறேன்.

உங்கள் அப்பா இருக்கிறாரா? கையில் போன் இருந்தாலும் பரவாயில்லை, இன்றைக்கு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து மணி என்னவென்று கேளுங்கள்.