லட்சாதிபதி மருமகனுக்கு

வாடா மாப்ளே, வருங்கால லட்சாதிபதி! திண்ணைலதான் உக்காரணும், பரவால்லையா? வைஷ்ணோதேவி படம் போட்ட அஞ்சு ரூபாக் காசுக்குப் பத்து லட்சம்னு போன்ல வந்துச்சாமே. வாங்குறவன் முதல்ல ரிஜிஸ்ட்ரேஷன் பணம் கட்டச் சொல்லியிருப்பானே? சொல்லிட்டானா! பத்து லட்சம் வெச்சிருக்கிறவனுக்கு உன் ஆயிரத்தைநூறு இல்லாம கை ஓடலை, பாவம். ரிசர்வ் பேங்க் 2021 ஆகஸ்ட்லயே சொல்லிச்சு, எங்க பேரைச் சொல்லிக் கமிஷன், வரின்னு கேக்குறாங்க, ஏமாறாதீங்கன்னு. அதை நம்பாதே. பேங்குக்காரனுக்கு உன் மேல பொறாமை.

இன்னொண்ணு சொன்னியே, வருஷத்துக்குக் கீழ ஒண்ணுமே இல்லாத காசு, மார்க்கு விட்டுப்போன அபூர்வம்னு? இந்தா பூதக்கண்ணாடி. சாய்சதுரம் இருந்தா பம்பாய் நாணய ஆலை. நட்சத்திரம்னா ஐதராபாத். ஒத்தப் புள்ளின்னா நொய்டா. எதுவுமே இல்லைன்னா கல்கத்தா, அவன் அடையாளமே போட மாட்டான். உன் அபூர்வம் மார்க்கெட்டுல மூட்டை மூட்டையாப் புரளுது. 1985ல நம்ம ஆலைங்களால தாக்குப்பிடிக்க முடியாம வெளிநாட்டுலயும் அடிச்சாங்க. அந்த வருஷத்து ஒத்த ரூபாயில குட்டியா 'எச்' இருந்தா பர்மிங்காம் ஹீட்டன் ஆலை. விவரம் தெரிஞ்சவன் ஒரே வருஷத்து ஒரே காசை ஆலைக்கொண்ணா எடுத்து வெப்பான். நீ கூட்டல் கழித்தல் பார்க்காம வாட்ஸப் பார்க்குறே.

சீரங்கத்துல வாங்கியாந்தியே, 1818ன்னு போட்ட கம்பெனிக் காசு, ராமர் பட்டாபிஷேகத்தோட? கம்பெனிக்காரன் அப்படி ஒண்ணை அடிச்சதே இல்லை. அரிசியை இழுக்கும்னு சொல்லித்தானே வித்தான்? ராத்திரி ரெண்டு படி அரிசி பரப்பிப் பாரு. அரிசி நகருதோ இல்லையோ, எறும்பு நகர்த்தும்.

ராஜராஜன் செப்புக்காசு ஒண்ணு வெச்சிருக்கே, ஒரு பக்கம் நின்ன ஆளு, மறுபக்கம் உக்காந்த ஆளு, நாகரி எழுத்து. அது நெசமாவே நல்ல காசு. அதனால உடனே புளி போட்டு விளக்கிடு. ஆயிரம் வருஷமா ஏறின பச்சைக் களிம்பு பளிச்சுன்னு போயிரும், அதோட விலையும் போயிரும். பித்தளைக் குடம் மாதிரி மின்னுறதை எந்தச் சேகரிப்பாளனும் பாதி விலைக்குக்கூடத் தொட மாட்டான். உங்க அம்மா வேணா சந்தோஷப்படுவா.

புதையலா? 2020 பிப்ரவரியில ஆனைக்கா ஜம்புகேசுவரர் கோயில்ல மண்ணைக் கிளறினப்போ ஒரு பாத்திரத்துல 505 பொற்காசு வந்துச்சு, 1.716 கிலோ. அதிகாரிங்க வந்து எண்ணி எடுத்துட்டுப் போனாங்க. 1878ல போட்ட சட்டம், பத்து ரூபாய்க்கு மேல பெறுமானம் உள்ள புதையலைக் கலெக்டர்கிட்டச் சொல்லியே ஆகணும். பத்து ரூபா, கவனிச்சியா? இப்போ அந்தப் பத்து ரூபாக் காசை நீட்டினா கடைக்காரன் மூஞ்சியைத் திருப்புறான். பதினாலு விதமும் செல்லும்னு 2018ல ரிசர்வ் பேங்க் சொல்லியும் அவன் காதுல விழலை.

சேக்கத்தான் ஆசைன்னா பாட்டி உண்டியலைக் கவுத்துப் பாரு. தஞ்சாவூர் உலகத் தமிழ் மாநாட்டுக்கு 1995ல வந்த வள்ளுவர் காசு இருக்கும். காமராஜர் அஞ்சு ரூபா இருக்கும். அண்ணா நூற்றாண்டுக் காசு இருந்தா அவர் தமிழ்க் கையெழுத்தையும் கண்ணாடி வெச்சுப் பார்த்துக்கோ. பெரிய கோயில் ஆயிரமாவது ஆண்டுக்கு ஆயிரம் ரூபாக் காசே அடிச்சாங்க, 35 கிராம், அதுல எண்பது சதவீதம் வெள்ளி. அது சில்லறையில வராது, காசு கொடுத்துத்தான் காசு வாங்கணும்.

அந்த ஆளுக்குப் பணம் அனுப்பப் போறியா? தாராளமா அனுப்பு. அதுக்கு முந்தி சித்திரைத் தேருக்குப் போறப்ப என்கிட்ட வாங்கின முந்நூறை எடு. லட்சம் வந்தப்புறம் நீ என்னை எங்கே அடையாளம் தெரிஞ்சுக்கப் போறே?