பிடரி இருந்தால் போதும்

செரெங்கெட்டிப் புல்வெளியில் ஒரு சிங்கக் கூட்டத்துக்குத் தலைவராகிவிட்டீர்கள். வாழ்த்துகள்! பாதி வேலை உங்களுக்குப் பழக்கம்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் செய்வதையே இனி தினமும் செய்யுங்கள்.

1. படுங்கள். ஒரு நாளைக்கு 20 மணி நேரம். வேல மரத்தின் நிழல் நகர்ந்தால் நீங்களும் நகருங்கள். உடற்பயிற்சிக்கு அது போதும்.

2. வேட்டையைப் பெண்களிடம் விடுங்கள். இருட்டியதும் வயிறு தரையில் உரச, புல்லோடு புல்லாக, ஒவ்வொரு பாதமாக எடுத்துவைத்து அவர்கள் நெருங்கட்டும். நாலு தடவை பாய்ந்தால் மூன்று தடவை ஏமாற்றம்தான். வரிக்குதிரை உதைத்தால் தாடை பெயரும். உங்களுக்கு எதற்கு இந்த வம்பு? காட்டெருமை என்றால் ஆண்பிள்ளைத் துணை தேவைப்படும். அன்றைக்குக் காது கேட்காதவர் போல் இருந்துவிடுங்கள்.

3. கூடப் போய்த்தான் ஆகவேண்டும் என்றால், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்காதீர்கள். எதிர்க்காற்றில் போனால் இரை அதிகம் சிக்குகிறது, ஆனாலும் சிங்கங்கள் அதைச் சட்டை செய்வதில்லை என்று 1960களில் செரெங்கெட்டியில் தங்கி ஆராய்ந்த ஜார்ஜ் ஷாலர் கண்டார். முன்னோர் வழக்கத்தை நாமா மாற்றுவது?

4. இரை விழுந்ததும் ஓடுங்கள். இதற்குத்தான் தெம்பைச் சேர்த்து வைத்திருந்தீர்கள். வேட்டையாடியவர்களை ஓர் அறை அறைந்து விலக்கிவிட்டு முதல் பந்தியில் உட்காருங்கள். 30 கிலோ கறி உள்ளே போகட்டும். வயிறு தொங்கி, மூச்சு வாங்கி, மூக்கில் ஈ மொய்த்தாலும் எழுந்திருக்காதீர்கள். குட்டிகளுக்குக் கடைசிப் பந்தி. அதற்குள் எலும்பு மட்டும்தான் மிச்சம் என்றால், நக்கட்டும்.

5. வீட்டில் சமையல் இல்லையா? கழுதைப்புலிகள் கூச்சலிடும் திசையில் நடங்கள். பக்கத்து ஙொரொங்கோரோவில் ஆய்வாளர் ஹான்ஸ் குரூக் இரவெல்லாம் அவற்றைப் பின்தொடர்ந்து பார்த்தது இதைத்தான்: கொன்றவை கழுதைப்புலிகள், விடியும்போது தின்றுகொண்டிருந்தவை சிங்கங்கள். தள்ளி நின்று ஏங்கும் கழுதைப்புலியைத்தான் ஊர் திருடன் என்கிறது. நீங்கள் திருத்தாதீர்கள்.

6. கர்ஜியுங்கள். 8 கிலோமீட்டர் வரை கேட்கும்.

7. இரண்டு மூன்று வருடத்தில், அதைக் கேட்டும் பயப்படாத இளவட்டங்கள் சேர்ந்து வருவார்கள். உங்களை விரட்டுவார்கள். உங்கள் குட்டிகளைக் கொல்வார்கள். வந்த புதிதில் நீங்கள் செய்ததுதான், மறந்திருக்காது. கிளம்புங்கள். இனி உங்கள் சாப்பாட்டை நீங்களேதான் பிடிக்கவேண்டும். இரண்டாம் படியை மறுபடி படியுங்கள், முக்கியமாக வரிக்குதிரை வரும் இடத்தை.